ஆறு இஞ்சா, எட்டு இஞ்சா? - ஒரு சக்கின் கதை

லேத் வாங்குறவங்க, இல்லைன்னா பழைய லேத்துக்குப் புது சக் தேடுறவங்க கேட்கிற முதல் கேள்வி இதுதான். "ஆறு இஞ்ச் போதுமா, எட்டு இஞ்ச் வாங்கிடலாமா?" பக்கத்துல யார் நின்னாலும் பதில் ஒண்ணாத்தான் வரும். "பெருசாவே வாங்கிடுங்க சார், பின்னாடி உதவும்." பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கணக்கு. வளர்ற பிள்ளைக்கு அது சரி. லேத் வளராது :-)

இந்த "பெருசாவே வாங்கு" யோசனை ஏன் தப்பு, எப்போ தப்பு, சரியான அளவுன்னா என்ன - இதைக் கேட்டா ரெண்டு வரியில ஒரு விதி சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அந்த விதி எங்கேர்ந்து வந்ததுன்னு தேடிப் போனா, எகிப்து, லண்டன், கனெக்டிகட், பாரிஸ்னு ஒரு பெரிய சுத்து. கதை தெரிஞ்சா விதியை மனப்பாடம் பண்ணவே வேண்டாம்கிறது என் கட்சி. அதனால கதை.

முதல்ல, இரும்புப் பக்கமே போகாத மக்களுக்காக ரெண்டு வரி. வீட்டுல டிரில் மெஷின் இருக்கா? அதுல பிட்டைக் கவ்விப் பிடிக்குதே ஒரு வாய், அதுவும் சக்தான். டிரில் மெஷின்ல சக் பிடிக்கிறது வெட்டுற பிட்டை. லேத்துல அப்படியே தலைகீழ். வெட்டுப்படற இரும்பைத்தான் சக் கவ்வும் (பட்டறை பாஷையில அதுக்கு 'ஜாப்'னு பேர்). ஜாப் சுத்தும், டூல் சுத்தாம நின்ன எடத்துலேர்ந்து சீவும். குயவர் சக்கரத்தைப் படுக்க வெச்ச மாதிரின்னு நினைச்சுக்குங்க. தமிழ்ல கடைசல்னு சொல்ற வேலை இதுதான்.

சக் இல்லாத காலம்

லேத் ரொம்பப் பழசு. எகிப்துல பெட்டோசிரிஸ்ங்கிற பூசாரியோட கல்லறைச் சுவர்ல ஒரு செதுக்குப் படம் இருக்கு. காலம் சுமார் கி.மு. 300. ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் கயிறோ வாரோ சுத்தி முன்னும் பின்னும் இழுக்கிறார், தயிர் கடையற மாதிரி. இன்னொருத்தர் உளியைப் பிடிச்சிருக்கார். சுத்துற மரத்துண்டு ரெண்டு முனைக்கு நடுவுல நிக்குது.

இந்த 'ரெண்டு முனைக்கு நடுவுல' ஏற்பாடு இன்னிக்கும் இருக்கு, சென்டர்னு சொல்றாங்க. நீளமான தண்டு கடையறதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா ஒரு சிக்கல். ரெண்டு முனையும் அடைபட்டுப் போச்சுன்னா, ஒரு பக்கத்து முகத்துல உள்ளே குடைய முடியாது. கிண்ணம், வளையம், ஓட்டை போட்ட சக்கரம் - இதெல்லாம் பண்ணணும்னா ஜாப்பை ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் கெட்டியாப் பிடிச்சாகணும். மறுபக்கம் ஃப்ரீயா இருக்கணும்.

அதுக்கு அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் பண்ணின வழி எளிமையானது. ஒரு மரக்கட்டையை ஸ்பிண்டில்ல மாட்டி, ஜாப் சிக்குனு உட்கார்ற அளவுக்கு அந்தக் கட்டையிலேயே ஒரு குழி கடைஞ்சிடுவாங்க. ஜாப்பைத் தட்டி உள்ளே இறுக்கிட்டா வேலை ஆரம்பிக்கலாம். 1703-ல வந்த ஜோசப் மாக்ஸனோட 'மெக்கானிக் எக்ஸர்சைசஸ்' பதிப்புல இதுக்கு 'சாக்'னு பேர் போட்டிருக்கு. 'சாக்'னா அடைகட்டை, முட்டுக்கட்டைன்னு அர்த்தம். நூறு வருஷத்துல அந்தச் சொல்லே தேஞ்சு 'சக்' ஆயிடுச்சு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்துல "எந்த அளவு சக் வாங்கலாம்"ங்கிற கேள்வியே கிடையாது. ஜாப் என்ன அளவோ அந்த அளவுக்கு சக்கை நீங்களே கடைஞ்சுக்கணும். ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு சக். லண்டன்ல ஹோல்ட்சாஃபெல்னு ஒரு குடும்பம், பணக்காரப் பொழுதுபோக்குக்காரங்களுக்காக லேத் செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்தாங்க. அவங்க லேத்தோட கூடவே அலமாரி அலமாரியா சக்குகள் போகும். இருக்கிறவன் வாங்கினான், இல்லாதவன் கடைஞ்சான்.

மாட்ஸ்லேயும் மூணு காலும்

1797-லேர்ந்து 1800-க்குள்ள லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லே தன்னோட மரை வெட்டுற லேத்தைச் செஞ்சார். வுல்விச் ஆயுதக் கிடங்குல பையனா வேலை கத்துக்கிட்ட ஆள். பூட்டு செய்யற ஜோசப் பிரமாகிட்ட வாரம் 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெருகிப் போச்சு, கூடக் குடுங்கன்னு கேட்டார். பிரமா மாட்டேன்னுட்டார். மனுஷன் வெளியே வந்து தனிப் பட்டறை போட்டார். சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைச்சிருந்தா உலக எந்திரச் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ!

மாட்ஸ்லே லேத்துல டூலைக் கையால பிடிக்க வேண்டாம். இரும்புத் தாங்கியில பூட்டி, ஒரு நீள மரைத்தண்டு அதைச் சீரா நகர்த்தும். டூல் பக்கம் கை நடுக்கம் ஒழிஞ்சுது. ஆனா ஜாப்பைப் பிடிக்கிற பக்கம்? அங்க இன்னும் பழைய கதைதான். மணி மாதிரி ஒரு இரும்புக் கிண்ணம், அதைச் சுத்தி ஸ்க்ரூக்கள். ஒவ்வொண்ணா முறுக்கி, சுத்திப் பாத்து, ஆட்டம் இருந்தா இங்க தளர்த்தி அங்க இறுக்கி... ஒரு ஜாப்பை நடுமையத்துக்குக் கொண்டு வர்றதுக்குள்ள பொழுது போயிடும்.

இந்த எரிச்சலுக்கு 1818-19 வாக்குல ஒரு பதில் வந்துச்சு. அலெக்சாண்டர் பெல்னு ஒருத்தர் (டெலிபோன்காரர் இல்லை, அவர் பொறந்ததே 1847-ல) மூணு தாடை சக் ஒண்ணு செஞ்சார். கலை, தொழில், வணிகம் மூணையும் ஊக்குவிக்கிறதுக்காக லண்டன்ல இருந்த சங்கம் அவருக்கு வெள்ளிப் பதக்கமும் 10 கினியும் கொடுத்துச்சு. மூணு முளையும் ஒண்ணா மையத்துக்கு வரும், ஒண்ணா விலகும். அதுதான் விஷயம்.

ஏன் மூணு? நம்ம வீட்டு முக்காலியையும் நாற்காலியையும் நினைச்சுக்குங்க. தரை மேடு பள்ளமா இருந்தாலும் முக்காலி ஆடாது. நாற்காலிக்கு அடியிலதான் பேப்பர் மடிச்சு வைக்கணும். உருண்டை ஜாப்பும் அப்படித்தான். ஒண்ணா நகர்ற மூணு தாடைன்னா மூணும் கட்டாயம் தொடும். ஒண்ணா நகர்ற நாலுன்னா ஒண்ணு தொடாம நிக்க வாய்ப்பு உண்டு.

கொசுவர்த்திச் சுருள்

இன்னிக்குப் பட்டறையில நாம பாக்கிற சக்கோட நேர் முப்பாட்டன், அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல பொறந்துச்சு. சைமன் ஃபேர்மன் (1792-1857) 1840-ல காப்புரிமை வாங்கினார். உள்ளே என்ன இருக்குன்னு பாக்கணும்னா ஒரு கொசுவர்த்திச் சுருளை எடுத்துப் பாருங்க. ஒரு வட்டத்தட்டுல அதே மாதிரி சுருள் சுருளா ஒரு வரப்பு. மூணு தாடைக்கும் (பட்டறையில 'ஜா') அடியில பல் இருக்கும், அந்தப் பல் இந்தச் சுருள்ல உட்கார்ந்திருக்கும். தட்டைத் திருப்பினா மூணு ஜாவும் ஒரே அளவு உள்ளே வரும். எதிர்ப்பக்கம் திருப்பினா ஒரே அளவு வெளியே போகும். ஒரே ஒரு சக் கீ, ஒரே திருப்பு. ஜாப் தானா நடுவுக்கு வந்துடும்.

ஃபேர்மனோட மாப்பிள்ளை ஆஸ்டின் குஷ்மன். மாமனார் யோசனையை மருமகன் இன்னும் மெருகேத்தி, 'குஷ்மன் யுனிவர்சல் சக்'னு வியாபாரம் பண்ணினார். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கு இல்ல?

ஏன் கனெக்டிகட்? அந்தப் பக்கம் பூரா துப்பாக்கித் தொழிலும் கடிகாரத் தொழிலும். சாமுவேல் கோல்ட்டோட பெரிய துப்பாக்கி ஆலை 1855-ல ஹார்ட்ஃபோர்டுலதான் வந்துச்சு. ஒரே மாதிரி பாகம் ஆயிரக்கணக்குல வேணும். ஒரு ஜாப்பை ட்ரூ பண்ண கால் மணி நேரம் ஆச்சுன்னா கட்டுப்படி ஆகாது. லண்டன்ல ஒரு ஜாப்பை ரசிச்சு ரசிச்சு கடையறவங்களுக்கு இந்த அவசரம் இல்லை. (நம்ம டிரில் மெஷின்ல சாவி போட்டு இறுக்குறோமே, அந்தச் சக்குக்கும் ஊர் அதே ஹார்ட்ஃபோர்டுதான். ஆர்தர் ஜேக்கப்ஸ், 1902.)

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். சக் ஒரு கடைச்சரக்கு ஆனதும்தான் அளவுங்கிற பேச்சே வந்தது. 4, 5, 6, 8, 10, 12 இஞ்ச்னு வரிசையா கடையில இருக்கும். இதுல எது? அதுவரைக்கும் ஜாப்பைப் பாத்து சக்கைச் செஞ்ச கைவினைஞன், இப்போ சக்கைப் பாத்து ஜாப்பை யோசிக்க ஆரம்பிச்சான். குழப்பத்துக்குப் பிள்ளையார் சுழி இங்கதான்.

அந்த நம்பருக்கு அர்த்தம் சக் உடம்போட குறுக்களவு. அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஜாப்பைப் பிடிக்கும்கிறது வேற கணக்கு. ஜாவை வெளியே நகர்த்த நகர்த்த, அடியில சுருள்ல மாட்டியிருக்கிற பல் குறைஞ்சுக்கிட்டே வரும். ரெண்டே பல்லுல தொங்கிக்கிட்டிருக்கிற ஜாவை நம்பி ஜாப்பை இறுக்கினா, பல்லு போகும், இல்லைன்னா ஜாப் பறக்கும்.

உசரமா, அகலமா, நீளமா?

சக் அளவை முடிவு பண்ண முதல்ல லேத் என்ன அளவுன்னு தெரியணும். அதுலயும் ஊருக்கு ஒரு வழக்கம். பிரிட்டிஷ்காரர் மைய உசரத்தைச் சொல்வார், அதாவது பெட்டுக்கு மேல ஸ்பிண்டில் மையம் எவ்வளவு உசரம்கிறதை. அமெரிக்கர் அதை ரெண்டால பெருக்கி 'ஸ்விங்'னு சொல்வார், அதாவது சுத்தக்கூடிய ஜாப்போட அதிகபட்சக் குறுக்களவு. ஒரே லேத், இங்கிலாந்துல மூணரை இஞ்ச், அமெரிக்காவுல ஏழு இஞ்ச். நம்ம ஊர்ல? நாலரை அடி லேத், ஆறு அடி லேத்னு பெட்டோட நீளத்தைச் சொல்றோம். துணிக்கடை மாதிரி. நீளத்தை மட்டும் சொல்லி சக் கேட்டா கடைக்காரரால ஒண்ணும் சொல்ல முடியாது. மைய உசரத்தை ஸ்கேல் வெச்சு அளந்துக்கிட்டுப் போகணும்.

நல்லா தெரிஞ்ச ஒரு லேத்தை வெச்சே கணக்குப் போடுவோம். மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கத்துல பீஸ்டன்ல, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட 1946-ல வந்த சின்ன லேத். பொம்மை ரயில் எஞ்சின் செய்யற வீட்டுப் பட்டறைக்காரங்களுக்கு அது ஒரு தலைமுறைக் கனவு. அந்தக் கம்பெனி 2011-ல மூடிட்டாங்க, பேரை வேற ஒரு நிறுவனம் வாங்கிக்கிச்சு. லேத்துகள் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. மைய உசரம் மூணரை இஞ்ச், ஸ்விங் ஏழு இஞ்ச்.

இதுக்கு வழக்கமா மாட்டுறது 4 இஞ்ச் த்ரீ ஜா சக். "ஏழு இஞ்ச் சுத்துமே, ஆறு இஞ்ச் சக் போட்டா என்ன?" போட்டுப் பாப்போம். ஆறு இஞ்ச் சக்கோட ஆரம் மூணு இஞ்ச். மைய உசரம் மூணரை. மிச்சம் அரை இஞ்ச், 12.7 மி.மீ. கொஞ்சம் பெரிய ஜாப்பைப் பிடிக்க ஜாவை வெளியே நகர்த்தினா, உடம்பைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கிற ஜா நேரா பெட்டுல இடிக்கும். சுத்தும்போது இடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 4 இஞ்ச் சக்குன்னா ஆரம் ரெண்டு, மிச்சம் ஒண்ணரை இஞ்ச், 38 மி.மீ. ஜா நகர இடம் இருக்கு. அதாவது சின்ன சக்குக்குத்தான் தன்னோட முழு வீச்சையும் காட்ட முடியும்.

அப்போ அதே லேத்துக்கு 6 இஞ்ச் ஃபோர் ஜா சக் மாட்டுறாங்களே, அது எப்படி? நல்ல கேள்வி. ஃபோர் ஜா சக்குல கொசுவர்த்தி கிடையாது. நாலு ஜாவுக்கும் தனித்தனி ஸ்க்ரூ. உள்ளே சுருள் தட்டு இல்லாததால உடம்பு ஒல்லி, அதே குறுக்களவுல எடையும் கம்மி. ஒவ்வொரு ஜாவையும் தனியா கழட்டித் திருப்பிப் போடலாம், அதனால பெரிய ஜாப்பையும் ஜா வெளியே நீட்டாம பிடிக்கலாம். சதுரம், கோணல், அச்சுல வார்த்த கரடுமுரடான காஸ்டிங், மையம் விலகின வேலை எல்லாம் இதுக்குத்தான். கோயம்புத்தூர் பக்கம் பம்ப் வேலை நடக்கிற பட்டறைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த மாதிரி வேலையெல்லாம் மெதுவா சுத்தி பண்றது. மெதுவாங்கிற வார்த்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, அடுத்து அதுதான் கதாநாயகன்.

வேகம் வந்துச்சு, விதி மாறுச்சு

19-ம் நூற்றாண்டுல டூல் எல்லாம் சாதா கார்பன் ஸ்டீல். சூடானா முனை மழுங்கிடும். மைல்டு ஸ்டீலை நிமிஷத்துக்கு 10 மீட்டர் வேகத்துல சீவினாலே பெருசு. 25 மி.மீ. கம்பின்னா நிமிஷத்துக்குச் சுமார் 127 சுத்து. இந்த வேகத்துல எட்டு இஞ்ச் வார்ப்பிரும்பு சக் மாட்டினாலும் சரி, பத்து இஞ்ச் மாட்டினாலும் சரி, ஒண்ணும் ஆகாது. "பெருசா இருந்தா நல்லது"ங்கிற நம்பிக்கை இந்தக் காலத்துல வேர் விட்டதாத்தான் இருக்கணும். அன்னிக்கு அது உண்மையும்கூட.

பிறகு ரெண்டு பேர் வந்து எல்லாத்தையும் கலைச்சாங்க. 1898-லேர்ந்து 1900-க்குள்ள அமெரிக்காவுல பெத்லஹெம் ஸ்டீல் ஆலையில ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் ஹை ஸ்பீட் ஸ்டீலைக் கொண்டு வந்தாங்க. 1900 பாரிஸ் கண்காட்சியில அந்த டூல் முனை சூட்டுல செவந்து போயும் இரும்பைச் சீவிக்கிட்டே இருந்ததைப் பாத்து ஐரோப்பியப் பொறியாளர்கள் அசந்து போனாங்க. வேகம் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு. 1927-ல ஜெர்மனியில லைப்சிக் சந்தையில க்ரூப் கம்பெனி 'விடியா'ன்னு டங்ஸ்டன் கார்பைடு டூலை இறக்கினாங்க. வேகம் இன்னும் பல மடங்கு. அதே 25 மி.மீ. கம்பி, நிமிஷத்துக்கு 30 மீட்டர்னா 380 சுத்து, 120 மீட்டர்னா 1500 சுத்து.

இப்போ சக்கு என்ன பாடு படும்? சுத்துற ஒவ்வொரு ஜாவும் வெளியே ஓடத்தான் பாக்கும். ராட்டினத்துல நம்மை வெளியே தள்ளுற அதே விசை. கணக்கு ரொம்ப ஈசி: எடை, ஆரம், வேகத்தோட வர்க்கம், மூணையும் பெருக்கணும். 600 கிராம் ஜா, மையத்துலேர்ந்து 60 மி.மீ. தூரத்துல இருக்குன்னு வைங்க. 1000 சுத்துல ஒவ்வொரு ஜாவும் சுமார் 40 கிலோ விசையோட வெளியே இழுக்கும். 2000 சுத்துல 80 இல்லை, 160 கிலோ! நீங்க சக் கீயால இறுக்கின பிடியிலேர்ந்து இது அப்படியே கழிஞ்சு போகும். நின்னுக்கிட்டிருக்கும்போது உடும்புப்பிடியா இருந்தது, ஓடும்போது தளர்ந்து போகும். கண்ணுக்குத் தெரியாது. (ஜாப்போட ஓட்டைக்குள்ள ஜாவை விட்டு வெளிப்பக்கமா விரிச்சுப் பிடிச்சிருந்தா மட்டும் இது நமக்குச் சாதகம்.)

சக் பெருசாக ஆக, ஜாவும் கனம், மையத்துலேர்ந்து தூரமும் அதிகம். ரெண்டு பக்கமும் அடி. பெரிய சக் கெட்டியாப் பிடிக்கும்னு வாங்கினவர், வேகமா ஓட்டினா குறைஞ்ச பிடியோட ஓட்டிக்கிட்டிருப்பார்.

இன்னொண்ணு, உடம்பு தாங்குமா? நீராவி எஞ்சின் காலத்துல வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் வெடிச்சு எத்தனையோ பேர் செத்திருக்காங்க. அதுலேர்ந்து பொறியாளர்கள் ஒரு விதி வெச்சாங்க: விளிம்பு வேகம் நிமிஷத்துக்கு ஒரு மைலைத் தாண்டக் கூடாது. அதாவது விநாடிக்குச் சுமார் 27 மீட்டர். எட்டு இஞ்ச் சக்கை 2500 சுத்துல ஓட்டுங்க, விளிம்பு கிட்டத்தட்ட அதே வேகத்தைத் தொட்டுடும். ஆறு இஞ்ச்னா 20 மீட்டர்தான். சக்கும் ஃப்ளைவீலும் ஒரே வடிவம் இல்லைதான், சக்குக்கு அதைச் செஞ்சவங்க போட்ட நம்பர்தான் சட்டம். நல்ல சக்குல முகத்துலயோ கூட வர்ற சீட்டுலயோ அதிகபட்ச வேகம் போட்டிருக்கும். வார்ப்பிரும்பு உடம்புக்குக் குறைவா, ஸ்டீல் உடம்புக்குக் கூடுதலா இருக்கும். அளவு ஏற ஏற நம்பர் இறங்கும். இன்னிக்கு சி.என்.சி. லேத்துல வர்ற ஹைட்ராலிக் சக்குலகூட இதே கதை. 6 இஞ்ச் சுமார் 6000 சுத்து தாங்கும்னா, 8 இஞ்ச் 5000 வாக்குல, 10 இஞ்ச் 4000 வாக்குல. நம்பரே போடாத சக் மலிவா கிடைச்சா, மலிவுக்குக் காரணம் அதுதான்னு வெச்சுக்குங்க.

நிறுத்துறதுதான் கஷ்டம்

எடை விஷயமும் இருக்கு. 6 இஞ்ச் த்ரீ ஜா சக் எட்டு ஒன்பது கிலோ, 8 இஞ்ச் பதினஞ்சு கிலோ வாக்குல. "ஆறேழு கிலோதானே கூட?" தூக்கி மாட்டுறதுக்கு ஆறேழு கிலோ. சுத்துறதுக்கு அந்தக் கணக்கு இல்லை. சுத்துற தட்டோட ஜடம், குறுக்களவை நாலு தடவை பெருக்கினா வர்ற கணக்குல ஏறும். கனம் ஒண்ணாவே இருந்தாலும் 6-லேர்ந்து 8-க்குப் போனா மூணு மடங்குக்கு மேல. மோட்டார் அதைக் கிளப்பணும், பெல்ட் அதை இழுக்கணும், முன் பேரிங் அதைச் சுமக்கணும். எல்லாத்துக்கும் மேல, அதை நிறுத்தணும்.

நிறுத்துறதுல என்ன ஆபத்து? பழைய லேத்துகள்ல சக்கு, ஸ்பிண்டில் மூக்குல மரை போட்டுத்தான் மாட்டியிருக்கும். எம்.எல்.7-லயும் அப்படித்தான். வலது மரை. வெட்டுற விசை சக்கை மேலும் இறுக்கும், அதனால ஓடுறவரைக்கும் பயமில்லை. ஆனா படக்குனு பிரேக் போட்டாலோ, ரிவர்ஸ்ல ஓட்டினாலோ? ஸ்பிண்டில் நின்னுடும், கனமான சக் நிக்காது. அது தன் போக்குல சுத்தி, மரையைத் தானே கழட்டிக்கிட்டு வெளியே வரும். பெட்டுல விழுந்தா பெட் போச்சு, ஆள் மேல விழுந்தா ஆள் போச்சு. சின்ன சக்குல இந்தத் தொல்லை சின்னது, பெரிய சக்குல பெருசு. வேகமும் பிரேக்கும் கூடினதும் மரை மூக்கைத் தள்ளி வெச்சுட்டு, கேம்லாக் மாதிரி பூட்டுற மூக்குகள் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். மரை மூக்கு லேத்துக்கு "பெருசாவே வாங்கு"ன்னு யாராச்சும் யோசனை சொன்னா, அவர் அந்த லேத் பக்கத்துல நிக்கப் போறதில்லைன்னு அர்த்தம்.

சரி, எதைத்தான் வாங்குறது?

இத்தனை கதைக்கப்புறம் விதி தானா வந்து விழும்.

முதல்ல ஜாப். கடந்த ஒரு வருஷத்துல அதிகமா என்ன கடைஞ்சீங்க? எப்பவோ ஒரு தடவை வந்த பெரிய காஸ்டிங்கை வெச்சு தினசரி சக்கை முடிவு பண்ணாதீங்க. அந்தப் பெரிய ஜாப்புக்கு ஃபோர் ஜாவோ ஃபேஸ் பிளேட்டோ இருக்கட்டும்.

அடுத்தது மைய உசரம். தினசரி த்ரீ ஜா சக், ஸ்விங்குல பாதி, அதுக்குக் கொஞ்சம் மேல இருந்தா நிம்மதி. ஏழுக்கு நாலு. பன்னெண்டுக்கு ஆறு. ஃபோர் ஜா அதைவிட ஒரு சைஸ், ரெண்டு சைஸ் பெருசா இருக்கலாம். ஜாவை முழுசா வெளியே தள்ளி, கையால ஒரு சுத்து சுத்திப் பாத்தாலே பெட்டுல இடிக்குதா, கேரேஜுல இடிக்குதான்னு தெரிஞ்சிடும்.

மூணாவது, வேகம். உங்க லேத்தோட உச்ச வேகம் சக்குல போட்ட நம்பரைத் தாண்டுதா? தாண்டுச்சுன்னா சின்ன சக்குக்குப் போங்க, இல்லைன்னா ஸ்டீல் உடம்பு சக்குக்குப் போங்க. ரெண்டும் முடியாதுன்னா அந்த வேகத்தை மறந்துடுங்க.

நாலாவது, ஓட்டை. நீளமான கம்பியை ஸ்பிண்டில் வழியா விட்டு வேலை செய்யறவங்க சக்கோட நடு ஓட்டையைப் பாக்கணும். அது ஸ்பிண்டில் ஓட்டையைவிடச் சின்னதா இருந்தா கம்பி போகாது, பெருசா இருந்து பிரயோஜனமும் இல்லை. மெல்லிசுக் கம்பிக்குப் பெரிய சக்கோட ஜா முழுசா மூடாது. அந்த வேலைக்குச் சின்ன சக், இல்லைன்னா காலெட்.

கடைசியா மூக்கு. மரையா, கேம்லாக்கா, எந்த அளவு? இதைப் பாக்காம சக் வாங்கிட்டு வந்தா நடுவுல ஒரு பேக் பிளேட் தேட வேண்டி வரும். அந்தப் பிளேட்டோட கனம் அளவுக்கு சக் மூக்கை விட்டு இன்னும் வெளியே தள்ளித் தொங்கும். பேரிங்குக்கு அது பிடிக்காது.

ரெண்டு சக் வாங்கக் காசு இருந்தா, ஒரு பெரிய த்ரீ ஜாவுக்குப் பதிலா ஒரு அளவான த்ரீ ஜாவும் ஒரு ஃபோர் ஜாவும் வாங்குங்க. ஒரு சக்குக்குத்தான் காசுன்னா? பல பழைய கைகள் ஃபோர் ஜான்னுதான் சொல்லும். உருண்டையையும் பிடிக்கும், சதுரத்தையும் பிடிக்கும், டயல் வெச்சுப் பொறுமையா ட்ரூ பண்ணினா த்ரீ ஜாவைவிடத் துல்லியமாவும் வரும். செலவு நேரம் மட்டும்தான். ஃபேர்மன் மிச்சம் பிடிச்சுக் கொடுத்தது அந்த நேரத்தைத்தான். ஒரு நாளைக்கு ஒரே மாதிரி நூறு ஜாப் வர்ற எடத்துல அதுக்கு விலை உண்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் லேத் ஓட்டுறவருக்கு அவ்வளவு அவசரம் என்ன?

அன்னிக்கு மரத்துல 'சாக்' கடைஞ்ச ஆளுக்கு ஒரு சௌகரியம் இருந்துச்சு. கையில ஜாப் இல்லாம அவரால சக் செய்யவே முடியாது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடையில பளபளன்னு வரிசையா அடுக்கியிருக்கு, ஐநூறு ஆயிரம் கூடப் போட்டா அடுத்த சைஸ் கிடைக்கும்னு கை தானா நீளும். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பர்ல அஞ்சு விஷயம் எழுதிக்கிட்டுப் போங்க: ஜாப் அளவு, மைய உசரம், உச்ச வேகம், ஸ்பிண்டில் ஓட்டை, மூக்கு வகை. அந்தப் பேப்பர் ஆறுன்னு சொன்னா, ஆறு.